நாற்காலியில் இருந்த வெள்ளைக் கறை

ஜூலை 29, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் இன்றும் மேலே ஏறவில்லை. கேட்கப் போனால் கீழ்வீட்டு ஓனர் அம்மா, "மேல ஒத்த ஆளுதானுங்க, அத்தன தண்ணி எதுக்குங்க?" என்கிறார். ஒத்த ஆள் குளிக்க மாட்டானா?

மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கடன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும், நாலு வார்த்தை திட்டலாம் என்று எடுத்தேன்.

"சென்னியப்பனா? நான் கலாவதி. எலக்ட்ரிகல், தொண்ணூத்தி நாலு பேட்ச்."

குரல் மாறவே இல்லை. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாளாம். எங்கள் வகுப்புக்கு ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 25-ம் தேதி முப்பதாண்டுச் சந்திப்பு. அன்று மேடையில் பெரிய திரையில் அதைத் திறந்து வைக்கிறார்கள்.

"உள்ள எல்லாம் தயார். அந்த லாகின் பக்கந்தான் ஏதோ பேங்குக்குள்ள போற மாதிரி இருக்கு. நீ டிசைன்ல பெரிய ஆளாமா. நம்ம காலேஜ் மாதிரி மாத்திக் குடு சாமி."

"பெரிய ஆளாக இருந்தேன்" என்றேன். "யார் திறந்து வைப்பது?"

"நம்ம சங்கத் தலைவர்தான். மகுடபதி."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தைச் செய்து தருவேன், சந்திப்புக்கு வரமாட்டேன் என்பதையும் அப்போதே தெளிவாகச் சொன்னேன்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். என்னைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் எல்லாரும் இதே தொனியில்தான் பேசுகிறார்கள்.

ஜூலை 31, புதன்

பக்கத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறப் பின்னணி. நடுவில் வெள்ளைப் பெட்டி. பெயருக்கு ஒரு கட்டம், கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம், ஒரு நீலப் பொத்தான். மேலே மென்பொருளின் சொந்தச் சின்னம். உலகத்தில் லட்சம் வாசல்களுக்கு இதே முகம்.

கடவுச்சொல் தவறினால் பெட்டி இடமும் வலமும் ஆடுகிறது. முடியாது என்று தலையாட்டுவதுபோல. அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக ஆடும்படி செய்தேன்.

பெட்டிக்குக் கீழே மெல்லிய நிழல் கொடுத்தேன். நான் இருபது வருடம் உழைத்த கம்பெனியில் கடைசியாக எனக்கு மேலதிகாரியாக வந்த பையன், "சார், நிழலெல்லாம் இப்ப யாரும் வைக்கறதில்ல. பாத்தா பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்று பத்துப் பேர் நடுவில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் என்னை அனுப்பிவிட்டார்கள். நிழல் இல்லாத பொருள் காகிதத்தில் ஒட்டிய பொம்மை. ஒரு பொருள் ஓர் இடத்தில் இருக்கிறது என்பதற்கு நிழல்தான் சாட்சி. அவனுக்குப் புரியாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பின்னணிக்கு வைக்கக் கலாவதி ஒரு படம் அனுப்பினாள். கடைசி ஆண்டு குரூப் போட்டோ.

நான் இதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அப்போது ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

காரணத்தை எழுதிவைப்பதில் தவறில்லை. அந்த ஆண்டு துறை மன்றத்துக்கு மகுடபதி செயலாளர், நான் இணைச் செயலாளர். ஆண்டு மலரை வடிவமைத்தது, சுவரொட்டி எழுதியது, விருந்தினருக்கு ரயில் டிக்கெட் எடுத்தது எல்லாம் நான். மேடையில் பேசியது அவன். மன்றப் பொறுப்பாளர்களுக்கு முன்வரிசையில் ஆசிரியர்களோடு நாற்காலி உண்டு என்பது எங்கள் துறை வழக்கம். படம் எடுக்கும் நாளில் நான் வந்த பேருந்து அன்னூரில் நின்றுவிட்டது. ஓடி வந்தபோது எல்லாரும் அமர்ந்தாகிவிட்டது, போட்டோக்காரர் கையைத் தூக்கிவிட்டார். பின்பக்கமாகப் போய்க் கடைசி வரிசை பெஞ்சில் வலது ஓரத்தில் ஏறி நின்றேன். அங்கிருந்து தெரிந்தது முன்னால் நின்றவர்களின் தலைகள்தான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மகுடபதி ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் இறங்கி நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவனோடு நான் பேசவில்லை. அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் என் முகவரியைக் கையால் எழுதாமல் அச்சடித்த சீட்டை ஒட்டியிருந்தான். போகவில்லை.

படத்தில் அவன் முன்வரிசையில், ஏறக்குறைய நடுவில் உட்கார்ந்திருக்கிறான். கால்மேல் கால் போடவில்லை, அந்த மட்டில் மரியாதை.

ஆகஸ்ட் 5, திங்கள்

நாள் முழுக்கப் படத்தைச் சுத்தம் செய்தேன். யாரோ ஈரமான அலமாரியில் வைத்திருந்த பிரதி போலும். பூஞ்சை பிடித்து எங்கும் வெள்ளை வெள்ளையாகக் கறைகள். துறைத் தலைவரின் நெற்றியில் ஒன்று, கலாவதியின் தாவணியில் இரண்டு, மகுடபதிக்கு அடுத்த காலி நாற்காலியில் பெரிதாக ஒன்று. சுற்றியுள்ள நிறத்தை எடுத்து ஒவ்வொன்றின்மேலும் பூசி மறைக்க வேண்டும். மாலைக்குள் அந்த நாற்காலியின் பிரம்புப் பின்னலைக்கூட வரைந்து முடித்துவிட்டேன். அங்கே கறை இருந்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எந்த ஆசிரியர் வராமல் போனாரோ. காலி நாற்காலியை எடுத்துவிட்டு எடுத்திருக்கலாம்.

பிறகு பெட்டியை வைத்தேன். பெரிய திரையில் படம் முழுவதும் விரியும், பெட்டி நடுவில் நிற்கும். நடுவில் என்றால் சரியாக நடுவில் அல்ல, ஒரு சுண்டுவிரல் அளவு இடப்பக்கம். அப்படி வைத்தால் மகுடபதியின் முகத்தின்மேல் 'கடவுச்சொல்' என்ற கட்டம் உட்காருகிறது. தலைவர் மேடையில் நின்று திறந்து வைப்பார். ஊரே பார்க்கும் திரையில் தலைவரைத் தவிர எல்லாரும் இருப்பார்கள்.

போனில் இந்த ஏற்பாடு நடக்காது. திரை சின்னது. அங்கே படம் மேலே, பெட்டி கீழே. போனில் அவன் முகம் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் நன்றாகப் பசித்தது. பல நாளைக்குப் பிறகு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பாக்கெட் மாவு புளித்துவிட்டது. ஒருவருக்கு ஏற்ற பாக்கெட் எந்தக் கடையிலும் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொற்களைப் பற்றிக் கலாவதியோடு சண்டை.

தவறான பெயரைக் கொடுத்தால் வரும் செய்தியை நான் இப்படி எழுதியிருந்தேன்: 'இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை.'

"ஏஞ்சாமி, இப்படியா எழுதுவ? வகுப்புக்கு வெளிய நிக்க வெச்ச மாதிரி இருக்கு."

"சுருக்கமா இருக்கு."

"சுருக்கமா இருந்தா? நம்மாளுக எல்லாம் கண்ணாடிய நெத்தில வெச்சுட்டு கண்ணாடியத் தேடறவங்க. பத்துத் தடவ தப்பாத்தான் அடிப்பாங்க. பத்துத் தடவையும் இந்த வார்த்தையப் பாக்கோணுமா? அப்பறம் பொத்தான்ல 'நுழைக'ன்னு என்ன அதிகாரம். 'வாங்க'ன்னு போடு."

"இணையத்தில 'வாங்க'ன்னு பொத்தான் இருந்தா கடைன்னு நெனப்பாங்க. சேலை வெலை கேப்பாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "முப்பது வருசத்துக்கு அப்பறம் நீ சொல்ற மொதல் ஜோக்கு" என்றாள்.

நான் ஜோக் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னேன்.

'என்னை நினைவில் வை' என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றாள். கணினியிடம் போய் ஒரு மனிதன் அப்படிக் கேட்பது அசிங்கமாக இருக்கிறது என்றேன். அதற்கு அவள், "சாப்டயா?" என்று கேட்டாள். சம்பந்தமில்லாத கேள்வி.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஐம்பத்திரண்டு முடிந்தது. வங்கியும் ஒரு பல் ஆஸ்பத்திரியும் வாழ்த்துச் சொல்லின. பெங்களூரிலிருந்து எதுவும் வரவில்லை. விமலா என்னோடு இருந்த காலத்திலேயே தேதியை மறப்பவள், இப்போது விவாகரத்து ஆனபின் எதிர்பார்ப்பது முறையல்ல. எதிர்பார்க்கவும் இல்லை. போனைச் சத்தத்தில் வைத்திருந்தது கேஸ் சிலிண்டர்காரருக்காக.

ஆகஸ்ட் 14, புதன்

பக்கம் தயார். பொத்தானுக்குக் கல்லூரிக் கட்டடத்தின் செங்கல் நிறம். மூலைகளை லேசாக வளைத்தேன். கலாவதி வகுப்பு வாட்ஸப் குழுவில் முகவரியைப் போட்டுவிட்டாளாம். எல்லாரும் போனில் பார்த்துவிட்டுக் கைதட்டும் படங்களாக அனுப்புகிறார்கள் என்றாள். நான் அந்தக் குழுவில் இல்லை.

எனக்கும் ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறாள். பழைய பதிவு எண்தான் பெயர். நான் அதைத் தொடவில்லை. நிர்வாகிக்குத் தனி வழி உண்டு. இத்தனை நாளும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் கீழே கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மேலே கொண்டுவரவில்லை.

பதினொரு மணி வாக்கில் போன்.

"சென்னி, மகுடபதி பேசறேன்."

"சொல்லுங்க."

"என்னடா சொல்லுங்க, புதுசா?" சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "பக்கம் பாத்தேன். அருமையா இருக்கு. செங்கல் கலரு நம்ம பிளாக்கு கலருதான? கண்டுபுடிச்சுட்டேன் பாரு."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். எனக்குப் பக்கத்துச் சேருல கர்ச்சீப் இருக்குமே. அது எங்க?"

"என்ன கர்ச்சீப்?"

"வெள்ளக் கர்ச்சீப்டா. சேரு மேல."

"அது கறை. பூஞ்சை. படம் முழுக்க இருந்தது. சுத்தம் பண்ணினேன்."

பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"கறையா" என்றான்.

"ஆமாம்."

"செரி. முப்பது வருசமாச்சு. கறையாத்தான் தெரியும்." வைத்துவிட்டான்.

பெரிய திரையில் தன் முகத்தை மறைத்திருப்பதைப் பற்றிக் கேட்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். போனில் பார்த்த அவனுக்கு அது தெரியவே இல்லை.

அவன் எண்ணைச் சேமித்து வைத்தேன். அடுத்த முறை அழைத்தால் யார் என்று தெரிந்து எடுக்காமல் இருக்கலாம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

துணி துவைத்தேன். அழைப்பு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

கலாவதி. குரலில் சிரிப்பு இல்லை.

"மகுடபதி வரலியாமா. வேலை இருக்குதுங்கறாரு. தலைவரே வராம என்ன மீட்டிங்? நீ என்ன சொன்ன அவர?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஒரு கறைய அழிச்சதுக்குக் கோவிச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

"கறையா? சென்னி, உனக்கு நெசமாவே தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ அன்னைக்கு வரல. எல்லாரும் சேருக்கு அடிச்சுக்கறாங்க. மகுடபதி பக்கத்துச் சேருல கர்ச்சீப்பப் போட்டு வெச்சுட்டாரு, பஸ்ஸுல எடம் புடிக்கற மாதிரி. ஹெச்சோடி சத்தம் போடறாரு, 'ஏப்பா, காலிச் சேரோட போட்டோ எடுக்கறதா? அதத் தூக்கு'ன்னு. போட்டோக்காரரு வேற கத்தறாரு. இவரு கேக்கவே இல்ல. 'ஆளு வருது சார், ஆளு வருது சார்'னு அதையே சொல்லிட்டிருந்தாரு. கடசில அப்படியே எடுத்துட்டாங்க. நீ பின்னாடி ஏறி நின்னத அவரு பாக்கல. படம் முடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா உன்னக் காணோம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நேத்து நான் கேட்டதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'அவன் சேரு, அவனே அழிச்சுட்டான். உடுங்க கலா'ன்னாரு. வேணும்னே அழிச்சேன்னு நெனச்சுட்டாரு."

"இதை அப்பவே என்கிட்ட யாரும் ஏன் சொல்லல?"

"யாரு சொல்றது? நீ யாருகிட்டப் பேசின?"

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்தேன். குக்கர் வைத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கலாவதி எப்போதும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவள். சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்று மூலப் படத்தைத் திறந்தேன். எவ்வளவு வேலை செய்தாலும் மூலத்தை நான் அழிப்பதில்லை. இந்தத் தொழிலில் நான் கற்ற நல்ல பழக்கங்களில் அது ஒன்று.

நாற்காலியைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

துறைத் தலைவரின் நெற்றியில் இருப்பது பூஞ்சைதான். விளிம்பு கரைந்து, சிலந்திவலை மாதிரி பரவியிருக்கிறது. நாற்காலியில் இருப்பதன் விளிம்பு நேர்கோடு. நாலாக மடித்து வைத்தது. ஒரு முனை மட்டும் அவிழ்ந்து முன்பக்கம் தொங்குகிறது. அந்த முனைக்குக் கீழே நாற்காலியின் காலில் சின்னதாக, முக்கோணமாக, ஒரு நிழல்.

பூஞ்சைக்கு நிழல் விழாது.

இரண்டு வாரத்துக்கு முன் அன்று நாள் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நிழலையும் சேர்த்துத்தான் அழித்திருக்கிறேன்.

மகுடபதியின் வலது கை அந்த நாற்காலியின் கைப்பிடியில் இருக்கிறது. நான் இதுவரை அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. சாதாரணமாக வைத்த கை அல்ல. பிடித்திருக்கிறான்.

மதியம் சமைக்கவில்லை. பசியும் இல்லை. புழுக்கம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பக்கத்தில் சில மாற்றங்கள். எல்லாம் தொழில்முறைக் காரணங்களுக்காக.

நாற்காலியில் நான் பூசியதை எடுத்துவிட்டு மூலத்தில் இருந்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆவணப் படத்தில் கைவைக்கக் கூடாது என்பது பொதுவிதி.

பெட்டியை நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு நகர்த்தினேன். நடுவில் பெட்டி வைப்பது பழைய பாணி. எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் மறையத்தான் செய்வார். வலது ஓரத்தில், கடைசி வரிசையில், அப்படி மறைகிறவன் ஒருவன்தான். அவனால் தொந்தரவு வராது.

பெட்டி தலையாட்டுவதை நிறுத்தினேன். கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. தவறான பெயருக்கு வரும் செய்தியை, 'இன்னொரு தடவை பாருங்கள், உங்கள் பெயர் இங்கேதான் இருக்கிறது' என்று மாற்றினேன். பயனர் வசதிக்காக. பொத்தானில் 'உள்ளே வாங்க' என்று போட்டேன். கடை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

நிழலை அப்படியே வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் போனை எடுத்து மகுடபதியின் எண்ணைத் திறந்தேன். பேட்டரி குறைவாக இருந்தது. சார்ஜில் போட்டேன். சார்ஜ் ஏறியபிறகு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

கலாவதி கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள்.

"என்ன சாமி, உன்னையே மறைச்சுட்டயே?"

"ஓரத்துல எடம் இருந்துச்சு."

"கர்ச்சீப் பளிச்சுன்னு தெரியுது. நீ இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கிட்டயா?"

"இல்ல. சுத்தி இருந்த தூசிய எடுத்தேன்."

"அவருக்கு அனுப்பிட்டேன்."

நான் கேட்கவில்லை. குடத்தில் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே சொன்னாள்:

"பாத்துட்டாரு. நீலக் குறி வந்துருச்சு. ஒண்ணும் சொல்லல."

"வருவாரா?"

"நீ வருவயா?"

"நான் வரமாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேனே."

"அப்பறம் எதுக்கு அவரு வர்றதப் பத்திக் கேக்கற?"

பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

பக்கம் சரியாக இயங்குகிறதா என்று ஒரு சாதாரண உறுப்பினர் மாதிரி சோதிக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் முன்வாசல் வழியாகப் போனேன். பழைய பதிவு எண்ணை அடித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விரல் தயங்கவில்லை. கலாவதி கொடுத்த தற்காலிகக் கடவுச்சொல்லில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டேன். 'இன்னொரு தடவை பாருங்கள், உங்கள் பெயர் இங்கேதான் இருக்கிறது' என்று வந்தது. அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், எழுத்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

பிறகு சரியாக அடித்து உள்ளே போனேன். உறுப்பினர் பட்டியலில் என் பெயருக்கு நேராக, 'இணைச் செயலாளர், துறை மன்றம்' என்று இருக்கிறது. யார் நிரப்பியது என்று கலாவதியிடம் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். "தலைவர்தான் எல்லார் விவரமும் நிரப்பினார், ஜூன்லயே" என்று பதில் வந்தது.

சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். நாளை ஞாயிறு, இஸ்திரிக் கடை இருக்காது. திங்கட்கிழமைக்கு ஆகும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மண்டபத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திரையில் பக்கத்தின் நிறம் எப்படி விழுகிறது என்று நேரில் பார்ப்பது நல்லது என்பதால் வந்தேன். முதல் பேருந்தைப் பிடித்தேன்; எங்கும் நிற்கவில்லை. நான் வந்தபோது நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலாவதி மேடையிலிருந்து பார்த்தாள். கையில் ரோஜா மாலையோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தாள். அவளும் சில நேரம் நல்லது செய்கிறாள்.

"தலைவர்?" என்று கேட்டேன்.

"தெரியல சாமி. காலைல இருந்து போன எடுக்கல."

முன்வரிசையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வருகிறார்கள். வழுக்கைகள், தொப்பைகள், சாயம் பூசிய மீசைகள். சிலர் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து தோளில் அடிக்கிறார்கள். "டேய், சென்னி! உசுரோடதான் இருக்கறயா?" இருக்கிறேன் என்று சொல்கிறேன். முன்வரிசை நிரம்பிக்கொண்டே வருகிறது.

திரையில் படம் விரிந்துவிட்டது. நிறம் சரியாகத்தான் விழுகிறது. நடுவில் மகுடபதி, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வயதில், கேமராவை முறைத்துப் பார்க்கிறான். கைக்குட்டை இந்தப் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெரியும்.

என் பக்கத்து நாற்காலியைப் பார்த்து ஒரு அம்மா வந்தார். யாரோ ஒருவரின் மனைவி. ஒரு கையில் டிபன் தட்டு, மறுகையில் பேரக்குழந்தை. என் கைக்குட்டை புதிதல்ல, நன்றாகத் துவைத்தது. நாலாக மடித்து அந்த நாற்காலியில் வைத்திருந்தேன். ஒரு முனை தானாக அவிழ்ந்து தொங்கியது.

"ஏனுங்க, இங்க ஆளு வருதுங்களா?" என்றார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வருதுங்க" என்றேன்.